கரட்டுக்கு எந்த முகம், வெயிலுக்கு எந்தத் திசை: கொங்கு மொட்டை மலைகளைப் படமெடுக்கும் நேரக் கணக்கு

பாறையும் முள்மரமுமாக மொட்டையாக நிற்கும் குன்றைக் கொங்குநாட்டில் கரடு என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் காங்கேயம், தாராபுரம், பல்லடம், சங்ககிரிப் பக்கம் போனால் கண்ணில் ஒரு கரடாவது படாமல் இருக்காது. பாலைவனம் நம்மிடம் இல்லை. ஆனால் மாசி முதல் சித்திரை வரை இந்தக் கரடுகள் பாலைவன மலைகளைப் போலத்தான் இருக்கின்றன. இலை உதிர்ந்துவிடும், புல் வைக்கோல் நிறமாகிவிடும், படத்தில் மிஞ்சுவது பாறையும் அதன்மேல் விழும் வெயிலும்தான். மரம் அடர்ந்த மலையைச் சுமாரான வெளிச்சத்தில் எடுத்தாலும் பச்சை நிறம் படத்தைக் காப்பாற்றிவிடும். கரட்டுக்கு அந்தத் துணை கிடையாது. வெளிச்சம் தவறினால் மலை வெறும் மண்மேடாகத் தெரியும்.

"காலையில் போ, இல்லாவிட்டால் மாலையில் போ" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. ஆலாந்துறையில் நின்று வெள்ளியங்கிரியை மாலை ஐந்தரைக்கு எடுப்பவருக்குப் பொன் வெயில் ஒரு துளிகூடக் கிடைக்காது. மலை கருப்பாகத்தான் நிற்கும். பொள்ளாச்சியில் நின்று ஆனைமலையை மார்கழிக் காலையில் எடுப்பவருக்கும் அதே கதைதான். நேரம் பார்ப்பதற்கு முன்னால், நாம் எடுக்கப்போகும் பாறை முகம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எந்த மாதம், எத்தனை மணி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம் ஊரில் பொன் வெயில் அரை மணி நேரம்

கொங்குநாடு ஏறத்தாழ 11 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. இங்கே சூரியன் அதிகம் சாயாமல், கிட்டத்தட்ட நேராக மேலே ஏறும். மணிக்குச் சுமார் 14 பாகை உயரும். தொடுவானத்திலிருந்து 6 பாகை உயரம் வரைக்கும்தான் வெயில் மஞ்சளாக, சாய்ந்து, பாறையின் ஒவ்வொரு மடிப்பையும் காட்டிக்கொண்டு விழும். அந்த 6 பாகையைக் கடக்க நம் ஊரில் 25 நிமிடம் போதும். ஐரோப்பாவின் நடுப்பகுதியில் இதே 6 பாகைக்கு 40 நிமிடம் வரை ஆகும். வெளிநாட்டுப் பாடங்களில் சொல்லும் 'பொன்னான ஒரு மணி நேரத்தை' நம்பிப் போனால், ட்ரைபாடை விரித்து லென்ஸ் மாற்றி முடிப்பதற்குள் வெயில் வெளுத்துவிடும்.

கோவையில் ஜூன் தொடக்கத்தில் 6 மணியை ஒட்டிப் பொழுது விடியும். ஜனவரி கடைசியில் 6.45 ஆகிவிடும். நவம்பர் நடுவில் 6 மணிக்குச் சில நிமிடம் முன்பே சூரியன் இறங்கிவிடும், ஜூலையில் 6.50 வரை இருக்கும். நாம் இந்திய நேரக் கோட்டுக்கு மேற்கே 5 பாகைக்கு மேல் தள்ளி இருப்பதால், உச்சிப்பொழுதும் கடிகாரத்தில் 12க்கு வருவதில்லை. நவம்பரில் 12.07ஐ ஒட்டியும் பிப்ரவரியில் 12.35ஐ ஒட்டியும் வரும்.

இதைவிட முக்கியம் சூரியன் எழும் திசை. ஜூன் 21ஐ ஒட்டி அது நேர் கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி எழும். டிசம்பர் 21ஐ ஒட்டி அதே 24 பாகை தெற்கே தள்ளி எழும். அந்தி சாயும்போதும் இப்படித்தான். ஏப்ரல் 19ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24ஐ ஒட்டியும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். அந்த இரண்டு நாளுக்கும் இடைப்பட்ட நான்கு மாதத்தில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். வெயில் எப்போதும் தெற்கிலிருந்துதான் வரும் என்று ஐரோப்பா போன்ற வடக்கு நாடுகளில் எழுதி வைத்திருப்பது இங்கே வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு பொய்த்துப்போகும்.

மூன்று சுவர்கள்

கொங்குச் சமவெளியை ஒரு முற்றமாக நினைத்துக்கொண்டால், அதற்கு மூன்று பக்கம் மலைச்சுவர்.

மேற்கே வெள்ளியங்கிரி, மருதமலை, ஆனைக்கட்டி வரிசை. பேரூர், தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலிருந்து தெரிவது இதன் கிழக்கு முகம். ஆகவே இது காலைக்கு உரிய மலை. ஆனால் சூரியன் எழும்போது அது சரியாக நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். நிறம் அருமையாக வரும், ஆழம் வராது. நிழல்கள் எல்லாம் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால் மலை சுவரில் ஒட்டிய தாள்போலத் தட்டையாகிவிடும். இதற்கு வழி, மலைக்கு நேர் எதிரே நிற்காமல் வடக்கிலோ தெற்கிலோ நகர்ந்து சுவரைச் சாய்வாகப் பார்ப்பது. சூரியன் முதுகில் அடிக்காமல் தோளில் அடிக்கும்படி நில்லுங்கள். வெயில் பாயும் திசைக்கும் கேமரா பார்க்கும் திசைக்கும் இடையே 50 முதல் 90 பாகை இருந்தால், ஒவ்வொரு ஓடையும் முகடும் தனித்தனியாகத் தெரியும்.

மாலையில் இதே சுவர் சூரியனை மறைத்துவிடும். எவ்வளவு முன்னால் மறைக்கும் என்று கையாலேயே அளக்கலாம். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. மலை முகடு சமவெளித் தொடுவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி உயரம் இருந்தால், பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமனத்துக்குச் சுமார் 40 நிமிடம் முன்பே உங்கள் இடத்தில் வெயில் போய்விடும். அடிவார ஊர்களில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். வெளியூரிலிருந்து வருபவர்கள்தான் 6 மணிக்கு வந்து ஏமாறுவார்கள்.

தெற்கே ஆனைமலையும் பழனி மலையும். பொள்ளாச்சி, உடுமலை, பழனியிலிருந்து தெரிவது இவற்றின் வடக்கு முகம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கிலேயே சாய்ந்து போவதால், செங்குத்தான வடக்குப் பாறைகளில் நேர் வெயில் விழவே விழாது. அப்போது மலையை நீல நிழலாக, அடுக்கடுக்காக மட்டுமே எடுக்க முடியும். வைகாசியில் நிலைமை தலைகீழ். சூரியன் கிழக்கிலிருந்து 20 பாகைக்கு மேல் வடக்கே தள்ளி எழுந்து, பாறையைத் தடவிக்கொண்டு போவதுபோல் சாய்வாக விழும். வருஷத்தில் அந்த முகங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த வெளிச்சம் இதுதான். கோடை மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் காலை என்றால் இன்னும் நல்லது. ஆனி பிறந்துவிட்டால் தென்மேற்குப் பருவமழை மேகம் முகட்டை மூடிவிடும் என்பதால் கிடைக்கிற நாட்கள் குறைவு. சித்திரை பிற்பாதி முதல் வைகாசி முடியும் வரை ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

வடக்கே சத்தியமங்கலம், திம்பம், பர்கூர் மலைகள். சமவெளியிலிருந்து தெரிவது தெற்கும் தென்கிழக்கும் பார்த்த முகங்கள். இவற்றுக்கு மார்கழியும் தையும் பொற்காலம். டிசம்பரில் நண்பகல் சூரியனே சுமார் 55 பாகை உயரத்துக்குமேல் போவதில்லை. ஒன்பதரை மணிக்கும்கூட நிழலில் ஆழம் இருக்கும்; மாலை நான்கு மணிக்கே வெயில் இறங்குவெயிலாகிவிடும். ஒரே நாளில் அதிக நேரம் எடுக்க வேண்டும் என்றால் இந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

தனிக் கரடுகள்

சமவெளியில் தனியாக நிற்கும் சென்னிமலை, சிவன்மலை, ஊதியூர் மலை, திருச்செங்கோடு, சங்ககிரி போன்றவற்றுக்கு எல்லாத் திசையிலும் முகம் உண்டு. சுற்றி வரச் சாலையோ, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியோ இருக்கும். ஆகவே சூரியனுக்காகக் காத்திராமல் நாமே நகர்ந்துகொள்ளலாம். நாமக்கல்லில் இது மிகத் தெளிவு. நகர் நடுவே ஒற்றைப் பாறை. கிழக்குப் பக்கம் அரங்கநாதர் கோயில், மேற்குப் பக்கம் நரசிம்மர் கோயில். காலையில் அரங்கநாதர் பக்கம் பாறை ஒளிரும், மாலையில் நரசிம்மர் பக்கம். இதை மாற்றிப் போனால் பாறை கருப்பு, வானம் வெள்ளை.

சங்ககிரியில் தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்ட கோட்டையின் மதில்கள் சரிவில் ஏறிப் போகின்றன. பாறையும் மதிலும் ஏறத்தாழ ஒரே நிறம். நேர் வெயிலில் மதில் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. பக்கவாட்டு வெயில் விழும்போது மட்டும் மதிலின் மேல்விளிம்பு வெளிச்சக் கோடாகவும் அடியிலுள்ள நிழல் கருங்கோடாகவும் பிரிந்து நிற்கும். திருச்செங்கோட்டின் பெயரிலேயே செம்மை இருக்கிறது. சூரியன் 5 பாகைக்குக் கீழே இறங்கும் அந்தக் கடைசி இருபது நிமிடத்தில் மேற்கிலிருந்து பார்த்தால் பெயர் சும்மா வரவில்லை என்று தெரியும்.

மலை உச்சியில் நிற்பவர்களுக்குத் தனிக் கரடு இன்னொன்றும் தரும்: மலையின் சொந்த நிழல். சூரியன் எழுந்த சில நிமிடத்தில் மேற்கே திரும்பிப் பாருங்கள். 300 மீட்டர் உயரக் கரட்டின் நிழல், சூரியன் 3 பாகையில் இருக்கும்போது ஏறத்தாழ 5.7 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கும். கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்துப் புல்லின்மேலும் கிளுவை வேலிகளின்மேலும் முக்கோணமாகப் படியும். சூரியன் 6 பாகைக்கு வந்ததும் நிழல் பாதியாகச் சுருங்கிவிடும். எல்லோரும் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது படம் மேற்கில் நடந்துகொண்டிருக்கும்.

பாறையைக் கிட்டப் போய்ப் பார்த்தால்

நம் கரடுகளில் பெரும்பாலும் நைஸ் (gneiss), சார்னோகைட் என்னும் கடினப் பாறை வகைகள்தான். உடைத்த சார்னோகைட் எண்ணெய் தடவியதுபோல் கரும்பச்சையாக இருக்கும்; வெயிலிலும் மழையிலும் கிடந்த மேல்தோல் பழுப்பாக இருக்கும். வெங்காயத் தோல் உரிவதுபோலப் பாறை அடுக்கடுக்காக உரியும். உரிந்த விளிம்பு ஒரு அங்குலம் இருக்கும். சூரியன் 5 பாகையில் இருக்கும்போது சமமான பாறைத்தளத்தில் அந்த ஒரு அங்குலத்தின் நிழல் ஏறத்தாழ ஒரு அடி நீளும். மழைநீர் வடிந்த கருந்தடம், சாம்பலும் ஆரஞ்சுமாக ஒட்டியிருக்கும் பாசிப்படலம், குறுக்கே ஓடும் வெங்கச்சாங்கல் நரம்பு என எல்லாம் அப்போது எழுந்து நிற்கும். சூரியன் 30 பாகைக்கு ஏறிவிட்டால் அதே விளிம்பின் நிழல் இரண்டு அங்குலம்கூட இருக்காது. பாறை வழுவழுவென்று ஆகிவிடும். வெயில் மென்மையாக இருப்பதாலேயே காலை நல்ல நேரம் என்று சொல்வார்கள். உண்மையில் கரட்டுக்கு வேண்டியது இந்த நிழலின் நீளம்.

கரும்பாறை படச்சட்டத்தில் பாதியை நிரப்பினால், கேமரா அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வானம் வெளுக்கும், பாறை வெளிறும். கேமரா கணித்த வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனில் முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்துத் தொடங்குங்கள். சிவன்மலையில் இதே அளவு ஒத்துவராது. அங்கே நிலவியலாளர்கள் நெஃபிலின் சயனைட் என்று பெயரிட்ட வேறு இனப் பாறை உண்டு. வெளிர் சாம்பல் நிறமாக இருக்கும் இடங்களில் குறைக்கத் தேவையில்லை. சில சமயம் கால் ஸ்டாப் கூட்டவும் வேண்டியிருக்கும்.

தொடங்குவதற்கு ஓர் அளவு: சூரியன் 5 பாகையில், பக்கவாட்டு வெயிலில், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துவார அளவு) 8, ஷட்டர் 1/80 நொடி. அரை மணி கழித்து 1/250க்குப் போக வேண்டியிருக்கும். எஃப் 8 முதல் 11 வரை போதும்; எஃப் 16ஐத் தாண்டினால் ஒளி விளிம்பில் வளைந்து பாறையின் நுண்மை மங்கத் தொடங்கும். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வெள்ளைக் கோட்டை மட்டும் பார்க்காதீர்கள். பொன் வெயிலில் சிவப்பு மற்ற நிறங்களுக்கு முன்பாகவே நிரம்பி வழியும். மொத்தக் கோடு பத்திரமாக இருப்பதுபோலத் தெரியும், ஆனால் பாறையின் செம்மை விவரமில்லாத ஒரே திட்டாகிவிட்டிருக்கும். மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து வையுங்கள்.

வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸைத் தானியங்கியில் விடுவது இந்த வேலையில் பெரிய பிழை. மஞ்சள் வெயிலைக் கேமரா ஒரு குறையாக நினைத்துத் திருத்திவிடும். விடிகாலையில் ஏறிப் போனதன் பலனே அழிந்துபோகும். 5200 முதல் 5500 கெல்வினில் நிறுத்திவிட்டு ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பாக) எடுங்கள். கைப்பேசியில் எடுப்பவர்களும் ப்ரோ முறையில் இதைச் செய்யலாம். ப்ரோ முறை இல்லாவிட்டால், வெயில் படும் பாறையின்மேல் விரலை வைத்து அழுத்திப் பூட்டி, வெளிச்சக் கோட்டைச் சற்றுக் கீழே இழுங்கள். பல வெளிச்ச அளவுகளை ஒரே படத்தில் சேர்க்கும் ஹெச்டிஆரை அணைத்துவிட்டும் ஒரு படம் எடுங்கள். ஹெச்டிஆர் நிழலைத் தூக்கி வெளுக்க வைக்கும். நாம் நிழலுக்காகத்தானே வந்திருக்கிறோம்.

லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர், சூரியனுக்கு 90 பாகை பக்கவாட்டில் உள்ள வானத்தில்தான் முழுசாக வேலை செய்யும். காலையில் வடக்கும் தெற்கும் நன்றாகக் கருநீலமாகும். கிழக்கும் மேற்கும் மாறாது. ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் தின்றுவிடும். 24 மி.மீ.க்குக் கீழ் அகல லென்ஸில் மாட்டினால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருத்துப் பட்டையாகத் தெரியும். பிறகு கணினியில் அதைச் சரிசெய்வது வீண் உழைப்பு.

தூசி, காற்று, பனி

பாலைவனத்தில் காற்று வறண்டிருப்பதால் தூசிப் புயல் இல்லாத நாளில் வெகுதூர மலையும் கூர்மையாகத் தெரியும். நம் ஊரில் பங்குனி, சித்திரையில் வறட்சி உண்டு, அந்தத் தெளிவு கிடையாது. புழுதியும் மூட்டமும் சேர்ந்து பத்து கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மலையை வெளிர்நீலக் கறையாக்கிவிடும். சூரியனை நோக்கிப் பார்த்தால் மூட்டம் இன்னும் பளிச்சென்று தெரியும். ஆகவே அந்த மாதங்களில் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் உள்ள பாறையை எடுங்கள். அல்லது மூட்டத்தையே பொருளாக்கி 70-200 லென்ஸில் முகடுகளை அடுக்காக எடுங்கள். காலை ஒன்பது மணிக்குமேல் அந்த நீள லென்ஸில் படம் நெளியும். கை நடுங்கியதோ ஃபோகஸ் தவறியதோ காரணமில்லை. சூடான தரையிலிருந்து எழும் கானல். ஷட்டரைக் கூட்டினாலும் சரியாகாது. தூரத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடித்துக்கொண்டு வரும். அம்மியே பறக்கும் காற்றில் ட்ரைபாட் எம்மாத்திரம்? நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், பையை அதில் தொங்கவிட்டு அடிப்பக்கம் தரையைத் தொடும்படி விடுங்கள். முழுக்கத் தொங்கினால் பையே ஊசலாடி ட்ரைபாடை ஆட்டிவிடும். இந்த மாதங்களின் பரிசு, ஓடும் மேகம். சமவெளியெல்லாம் நிழலில் கிடக்க, ஒரே ஒரு கரட்டின்மேல் மட்டும் வெயில் விளக்குப்போல விழுந்து நகரும். அதற்குக் காலை மாலை என்று நேரம் கிடையாது, பதினொரு மணிக்கும் வரும். எங்கள் கணிப்பில் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கரடுகளுக்கு ஆடி மாதத்து ஓடும் வெயிலைவிட நல்ல வெளிச்சம் இல்லை. சட்டத்தை அமைத்துவிட்டு, மேக நிழலின் விளிம்பு வரும் திசையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை தூசியைக் கழுவிவிடும். இரண்டு மழைக்கு இடைப்பட்ட காலையில் தூரத்து மலையும் கைக்கெட்டுவதுபோல் தெரியும். மார்கழியில் சமவெளியில் பனிமூட்டம் படுத்திருக்கும்; கரட்டின் தலை மட்டும் மேலே தெரிய வேண்டுமென்றால் பாதி மலையாவது ஏறியிருக்க வேண்டும்.

உச்சிவெயிலை முழுக்கத் தள்ளவும் வேண்டாம். பாலைத் திணைக்கு நண்பகலைச் சிறுபொழுதாக வைத்தது நம் மரபு. வெம்மையே சொல்ல வந்த பொருள் என்றால் அந்த வெளிச்சம்தான் சரி. வெள்வேல மரத்தின் அடியில் குறுகிக் கிடக்கும் நிழலையும் ஆட்டுக் கூட்டத்தையும் முன்னால் வைத்து, பின்னால் வெளுத்த கரட்டை நிறுத்திக் கருப்பு வெள்ளையில் எடுத்தால், பொன் வெயில் சொல்ல முடியாததை அது சொல்லும்.

ஏறும் கணக்கு

சூரியன் எழும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். எழுவதற்கு 40 நிமிடம் முன்பாக இடத்தில் நிற்க வேண்டும். சென்னிமலையின் 1,320 படிகளைக் கேமராப் பையோடு ஏற முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். ஜனவரி கடைசியில் அங்கே சூரியோதயம் என்றால் ஐந்து மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். முன்னதாக ஒரு பகலில் போய், நிற்கும் இடத்தையும் திசைகாட்டியில் திசையையும் குறித்துக்கொள்வது நல்லது. இருட்டில் இடம் தேடுவதில்தான் நேரம் போகும். விளிம்பு தெரியாமல் காலை வைப்பதும் அப்போதுதான்.

வெள்ளியங்கிரியில் பிப்ரவரி முதல் மே வரையான பருவத்தில்தான் வனத்துறை பக்தர்களை ஏற விடுகிறது. திம்பம், பர்கூர்ப் பக்கம் காட்டுக்குள் அனுமதியின்றி விடிகாலை நடக்கவே கூடாது. யானை நடமாடும் நேரமும் அதுதான். பாறைச் சரிவில் மலைத்தேனீக் கூடு தொங்கினால் புகையும் வேண்டாம், சத்தமும் வேண்டாம், ட்ரோனும் வேண்டாம். கோடை மழை இடியோடு வரும் மாலையில் மொட்டைப் பாறையின் உச்சியில் நிற்பவர்தான் அங்கே உயரமான பொருள். முதல் இடி கேட்டதும் ட்ரைபாடை மடக்கி இறங்குங்கள். மழை விட்ட பிறகு கீழிருந்தே எடுக்கலாம். நனைந்த பாறை ஈயம்போல் பளபளக்கும்.

இடத்துக்கு வந்ததும் முதல் படத்தைக் கிழக்கில் தேட வேண்டாம். சூரியன் எழுவதற்கு 15 நிமிடம் முன்னால் மேற்கே திரும்புங்கள். வெள்ளியங்கிரி வரிசைக்கு மேலே கருநீலமாக ஒரு பட்டை, அதற்கு மேல் இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை நிற்கும். கருநீலம் பூமியின் நிழல். நிமிடத்துக்கு நிமிடம் அது மலைக்குள் இறங்கும். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் ஒரு நொடியிலிருந்து தொடங்குங்கள். கருநீலப் பட்டை முழுசாக இறங்கி முகட்டின் நுனியில் முதல் சிவப்பு ஒட்டும்போது, ஷட்டர் 1/30ஐத் தாண்டியிருக்கும்.